தபால் ஓட்டு: இரண்டு கவர், ஒரு கையெழுத்து



தேர்தல் முடிவு வரும் நாளில் காலை 8 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா? முதலில் என்ன சொல்வார்கள்? "தபால் வாக்குகள் எண்ணிக்கை தொடங்கியது" என்பார்கள். மின்னணு இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பே தபால் ஓட்டைத்தான் எண்ணத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது என்ன ஓட்டு, யார் போடுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பல பேர் தலையைச் சொறிவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், எங்கள் வீட்டில் ஒரு சம்பவம் நடக்கும் வரை.

என் அம்மா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2021 சட்டமன்றத் தேர்தலில் (ஏப்ரல் 6) அவருக்குத் தேர்தல் பணி போட்டார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கொரோனா காலம் என்பதால் வீட்டில்தான் கிடந்தேன். அம்மா பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு ஒரு பெரிய பழுப்புக் கவரோடு வந்தார். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைப் பிரித்து, எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு ஓட்டுப் போட்டார். பிறகு பசை தடவி ஒட்டி, அடுத்த பயிற்சிக்குப் போனபோது அங்கிருந்த பெட்டியில் போட்டுவிட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று நாள் கழித்து, பொழுது போகாமல் அம்மாவின் தேர்தல் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. "உறுதிமொழி, படிவம் 13ஏ" என்று மேலே போட்டிருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து, பக்கத்தில் பச்சை மையில் ஓர் அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. "அம்மா, இது என்னம்மா?" என்று நீட்டினேன்.

அம்மா முகம் வெளிறிப் போய்விட்டது. "ஐயையோ, இது கவருக்குள்ள போயிருக்கணும்டி!"

அப்பா, "ஓட்டுச் சீட்டுதான் உள்ள இருக்குல்ல, வுடு. எண்ணிக்குவாங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விவரம் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டார். "இதைத் தனியா அனுப்ப முடியாது டீச்சர். அந்த ஓட்டு அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. நேராகப் போய்ச் சாவடியிலும் போட முடியாது. தபால் ஓட்டுச் சீட்டு வாங்கியவர் பெயருக்கு எதிரே வாக்காளர் பட்டியலில் குறித்துவிடுவார்கள். அன்றைக்கு அம்மா விடிய விடிய ஒரு சாவடியில் உட்கார்ந்து ஊரார் நூற்றுக்கணக்கான பேரை ஓட்டுப் போட வைத்தார். அவர் ஓட்டு மட்டும் செல்லாமல் போனது.

ஒரு தாள் இல்லாததற்கு ஓர் ஓட்டே போய்விடுமா, இது அநியாயமில்லையா என்று எனக்கு ரொம்ப நாள் கோபம். இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, குடிமையியல் பாடத்துக்காக 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் தேடிப் படித்தேன். அந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாருக்கெல்லாம் இந்த ஓட்டு உண்டு என்று பார்ப்போம். ராணுவத்தில் இருப்பவர்கள், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை செய்யும் இந்திய அரசு ஊழியர்கள், வெளி மாநிலத்தில் பணிபுரியும் நமது ஆயுதக் காவல் படையினர் ஆகியோர் பணி வாக்காளர்கள். அடுத்து நம் ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் போலத் தேர்தல் பணியில் இருப்பவர்கள். மூன்றாவது ஆளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: தடுப்புக் காவலில் இருப்பவர். ஜெயிலில் தண்டனைக் கைதியாகவோ விசாரணைக் கைதியாகவோ இருந்தால் ஓட்டு கிடையாது. ஆனால் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்குத் தபால் ஓட்டு உண்டு. ஏனென்றால் அவர் குற்றம் நிரூபணமாகி உள்ளே போனவர் இல்லை, 'செய்துவிடுவார்' என்று முன்கூட்டியே அடைக்கப்பட்டவர்.

2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்துக்குப் பிறகு முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே போடலாம் என்று வந்தது. 2021இல் நம் மாநிலத்தில் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வசதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். மாற்றுத்திறனாளிக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருக்க வேண்டும்.

யாருக்கு இல்லை என்பதும் தெரிய வேண்டும். நம் ஊரிலிருந்து சிங்கப்பூர், குவைத் என்று போனவர்கள் எத்தனை பேர்! வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுப் போடப் பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வர வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அண்ணனுக்கும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நாளில் நம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு வெளியூரில் ஒரு மகனோ மகளோ இருப்பார்கள். அவர்களுக்குத் தபால் ஓட்டு இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான்.

இனி நம் டீச்சர்களின் விஷயத்துக்கு வருவோம். தேர்தல் பணியில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. தன் பெயர் இருக்கும் தொகுதிக்குள்ளேயே பணி விழுந்தால், படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கலாம். அதைக் காட்டிப் பணி செய்யும் சாவடியிலேயே இயந்திரத்தில் போட்டுவிடலாம். வேறு தொகுதியில் விழுந்தால் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டுதான். உதாரணமாக, வேப்பூர் டீச்சருக்குப் பண்ருட்டியில் பணி என்று வையுங்கள். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் இரண்டும் கடலூர் மக்களவைத் தொகுதி, அதனால் சான்று போதும். சட்டமன்றத் தேர்தல் என்றால் தொகுதி வேறு, தபால் ஓட்டுதான். படிவம் 12ஐ ஓட்டுப்பதிவுக்கு 7 நாள் முன்பும், 12ஏவை 4 நாள் முன்பும் கொடுக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் விரும்பினால் இந்த நாள் கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

தபால் ஓட்டு வாங்கியவருக்கு நான்கு பொருள் கிடைக்கும். ஒன்று ஓட்டுச் சீட்டு, அதில் வரிசை எண் இருக்கும். இரண்டு, 13ஏ என்ற உறுதிமொழி. 'இந்த எண்ணுள்ள சீட்டு அனுப்பப்பட்ட வாக்காளர் நான்தான்' என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும், ஓர் அதிகாரி முன்னிலையில். அவரும் சான்றொப்பம் இட வேண்டும். அட்டெஸ்டேஷன் என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான். மூன்று, 13பி என்ற சின்னக் கவர். நான்கு, 13சி என்ற பெரிய கவர். இவற்றோடு எப்படிச் செய்வது என்று விளக்கும் தாள் ஒன்றும் வரும், அதை யாரும் படிப்பதில்லை!

சீட்டில் குறி போட்டுச் சின்னக் கவருக்குள் வைத்து ஒட்ட வேண்டும். சின்னக் கவரின் மேல் சீட்டின் எண் இருக்கும். ஒட்டிய சின்னக் கவரையும், தனியாக உறுதிமொழித் தாளையும் பெரிய கவருக்குள் வைத்து ஒட்ட வேண்டும். உறுதிமொழி சின்னக் கவருக்குள் போகவே கூடாது. இங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள்.

ஏன் இரண்டு கவர்? சாவடியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் அலுவலர் நம் பெயரைக் கேட்டு, அடையாள அட்டை பார்க்கிறார். நாம் யார் என்று எல்லா ஏஜென்ட்டுக்கும் தெரிகிறது. பிறகு மறைப்புக்குப் பின்னால் போகிறோம். அங்கே என்ன அழுத்தினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆள் யார் என்று தெரிய வேண்டும், ஓட்டு யாருக்கு என்று தெரியக் கூடாது. தபாலில் சாவடியும் இல்லை, மறைப்பும் இல்லை. அந்த வேலையைக் கவர்கள் செய்கின்றன. உறுதிமொழித் தாள்தான் முதல் அலுவலர். சின்னக் கவர்தான் மறைப்பு அட்டை.

எண்ணும் நாளில் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் புரியும். காலை எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேர்ந்த பெரிய கவர்களை மட்டுமே எடுப்பார்கள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் பிரிக்காமலே தனியே கட்டி வைத்துவிடுவார்கள். பெரிய கவரைப் பிரித்ததும் முதலில் உறுதிமொழியைத்தான் பார்ப்பார்கள். அது இல்லையா, கையெழுத்து இல்லையா, சான்றொப்பம் சரியில்லையா, அதில் உள்ள எண்ணும் சின்னக் கவர் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையா? சின்னக் கவரைத் தொடவே மாட்டார்கள். அது செல்லாத ஓட்டு. அம்மாவின் சின்னக் கவர் இப்படித்தான் பிரிக்கப்படாமலே போயிருக்கும்.

சரியாக இருக்கும் உறுதிமொழிகளையெல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் முதல் சின்னக் கவரைப் பிரிக்கலாம். விதி 54ஏயில் இதைப் படித்தபோது, இதை யோசித்து எழுதியவருக்கு ஒரு சபாஷ் போட்டேன். பெயர் உள்ள தாள் சீலுக்குள் போன பிறகுதான் ஓட்டு வெளியே வருகிறது!

சின்னக் கவரைப் பிரித்த பிறகும் ஆபத்து தீரவில்லை. சீட்டில் குறியே இல்லையென்றால், இரண்டு பேருக்குக் குறி போட்டிருந்தால், யாருக்கு என்று சந்தேகம் வரும்படி நடுக்கோட்டில் போட்டிருந்தால் செல்லாது. கையெழுத்து, பெயர் என்று ஆளை அடையாளம் காட்டும் எதை எழுதியிருந்தாலும் செல்லாது. ஆனால் குறி மங்கலாக இருக்கிறது, ஒரே பெயருக்கு எதிரே இரண்டு தடவை போட்டிருக்கிறார் என்பதற்காகத் தள்ளக் கூடாது. எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இதைப் படித்தால் மட்டும் போதாது என்று எங்கள் வகுப்பில் செய்தே பார்த்தோம். வேட்பாளர்கள் மூன்று பேர்: முறுக்கு, கமர்கட், பொரி உருண்டை. பழைய நோட்டுத் தாளில் கவர் செய்து 20 பேருக்குக் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியர்தான் சான்றொப்பம் இடும் அதிகாரி. மதியம் மணி அடிப்பதற்குள் பெட்டியில் போட வேண்டும்.

ஒருவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு மணி அடித்த பிறகு ஓடி வந்தான். அவன் கவரைப் பிரிக்கவில்லை. மீதி 19 கவரில் 2 கவரில் உறுதிமொழியே இல்லை. ஒருத்தி அதைச் சின்னக் கவருக்குள் வைத்து ஒட்டிவிட்டாள். ஒருவன் ஐயாவிடம் கையெழுத்து வாங்கவில்லை. ஒன்றில் எண் ஒத்துப்போகவில்லை. பிரித்த 14 சின்னக் கவரில் ஒருவன் மூன்று தின்பண்டத்துக்கும் டிக் அடித்திருந்தான், "எனக்கு எல்லாமே புடிக்கும்" என்கிறான். ஒருத்தி ஓட்டுச் சீட்டின் கீழே 'இப்படிக்கு' என்று எழுதித் தன் பெயரைப் போட்டிருந்தாள். செல்லுபடியானவை 12. முறுக்கு 5, கமர்கட் 4, பொரி உருண்டை 3.

முறுக்குக் கட்சி குதித்தது. ஆனால் இங்கே தேர்தல் ஆணையத்தின் ஓர் உத்தரவு இருக்கிறது. செல்லாதவை என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளியவற்றை எல்லாம் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். எங்களுடைய வித்தியாசம் 1, தள்ளியவை 7. மறுபடி பார்த்தோம். எண் ஒத்துப்போகாத கவரில் அவள் போட்டிருந்த 1ஐ நான்தான் 7 என்று படித்திருக்கிறேன். அந்தச் சின்னக் கவரைப் பிரித்தால் கமர்கட்! 5க்கு 5. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65ஆம் பிரிவின்படி, சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். குலுக்கினோம், கமர்கட் ஜெயித்தது. முறுக்குக் கட்சிக்காரர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

விளையாட்டில் நடந்தது நிஜத்திலும் நடக்கிறது. 2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை 69,590 ஓட்டு, தி.மு.க.வின் மு. அப்பாவு 69,541 ஓட்டு. வித்தியாசம் வெறும் 49. அந்தத் தொகுதியில் 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். காரணம், உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர் அதற்குத் தகுதியான அதிகாரி இல்லை என்பது. விதிப்படி தேர்தல் பணியில் இருப்பவரின் உறுதிமொழியில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ, அவர் பணி செய்யும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரோ கையெழுத்திட வேண்டும். இங்கே கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். தலைமையாசிரியர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரா, இல்லையா? நம் எச்.எம். அறை வாசலில் வைத்துக் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது அல்லவா! ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவியே அதில் தொங்கியது.

அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. அந்த 203 தபால் ஓட்டுகளையும், இயந்திர ஓட்டுகளில் கடைசி மூன்று சுற்றுகளான 19, 20, 21ஐயும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபர் 1 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 வந்துவிட்டது, அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்தது. 2021 தேர்தலில் அதே ராதாபுரத்தில் அப்பாவு ஜெயித்து சட்டமன்ற சபாநாயகர் ஆனார். அந்த 203 பேரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் தாளை மறக்கவில்லை. கையெழுத்தும் வாங்கினார்கள். அந்த ஐந்து வருஷத்துக்குள் அவர்கள் ஓட்டு கணக்கில் ஏறவில்லை.

பக்கத்துக் கேரளாவிலும் இப்படி ஒன்று. 2021 தேர்தலில் பெரிந்தல்மண்ணா தொகுதியில் வித்தியாசம் 38 ஓட்டு. குறை இருக்கிறது என்று எண்ணாமல் விட்ட தபால் ஓட்டு 348. வழக்கு நடக்கும்போதே 2023 ஜனவரியில் தபால் ஓட்டு வைத்திருந்த பெட்டி ஒன்றைக் காணோம் என்று தேடி, மலப்புரத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள். 2024இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. ராணுவத்தினருக்குச் சீட்டு தபாலில் போய்ச் சேரவே நாளாகும். 2016 முதல் அவர்களுக்கு மின்னணு முறையில் அனுப்புகிறார்கள். அவர்கள் பாஸ்வேர்டு போட்டு இறக்கி, அச்செடுத்து, குறி போட்டுத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எண்ணும் இடத்தில் க்யூஆர் கோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். இதை முதன்முதலில் செய்து பார்த்தது நமக்குப் பக்கத்தில்தான், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில், 2016 நவம்பரில்.

தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு 2023இல் புது விதி வந்தது. இனி சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அதற்கென அமைத்த மையத்திலேயே வாங்கி, அங்கேயே மறைப்புக்குள் குறி போட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். சான்றொப்பம் இடும் அதிகாரியும் அங்கேயே இருப்பார். இலங்கையில் இது பழைய வழக்கம். அங்கே அரசு ஊழியர்கள் தேர்தலுக்குச் சில நாள் முன்பே தங்கள் அலுவலகத்திலேயே அத்தாட்சி அலுவலர் முன்னிலையில் தபால் ஓட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

2024 ஏப்ரலில் எங்கள் வீட்டில் இரண்டு தபால் ஓட்டு. ஆயாவுக்கு வயது 87. படிவம் 12டி கொடுத்திருந்தோம். அலுவலர்கள் இரண்டு பேர், வீடியோ எடுப்பவர், ஒரு போலீஸ்காரர் என்று திண்ணை நிறைந்துவிட்டது. அட்டையை மடித்து மறைப்பு வைத்தார்கள். ஆயா குறி போட்டுவிட்டு, "மைய வெக்கலியா?" என்று விரலை நீட்டினார்.

அம்மாவுக்குச் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் பணி, அதனால் மையத்தில் தபால் ஓட்டு. பெரிய கவரை ஒட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாராம். பின்னால் வரிசையில் நின்றவர், "டீச்சர், சீக்கிரம்" என்று சத்தம் போட்டாராம். "நில்லுங்க சார், 13ஏ உள்ள இருக்கான்னு பாக்குறேன்" என்றாராம்.

ஜூன் 4 காலை 8 மணிக்கு டிவியில் தபால் வாக்கு எண்ணிக்கை என்று எழுத்து ஓடியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அதுல ஒண்ணு என்னோடது" என்றார்.

குறிப்பு: நாங்கள் செய்த மாதிரிக் கவர்கள் இந்தத் தாளின் கீழே நூலில் தொங்குகின்றன. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டவும். கமர்கட் சீட்டை யாரும் கிழிக்க வேண்டாம்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி